லொஹாலியா டீச்சரின் கூறு

லொஹாலியாவின் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு இருக்கிறது. அதைச் சுவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே ஒருத்தன் தும்மினால் இங்கே என் வாண்டுகள் மூக்கைத் துடைத்துக்கொள்ளும். நான் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் அவளுடைய நாலாம் வகுப்பு ஹோவென்று கத்திக்கொண்டு வெளியே ஓடும்.

எனக்கு ஒழுங்கு பிடிக்கும். பிள்ளைகள் பெஞ்சில் உட்கார வேண்டும், பென்சில் கையில் இருக்க வேண்டும். அவளுக்கோ பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் காய்ச்சலோ என்று சந்தேகம் வந்துவிடும். "எழுந்திருங்கடா, போய்ப் பாத்துட்டு வாங்க" என்பதுதான் அவள் பாடத்தின் முதல் வரி. கடல் வற்றும் நேரத்தைக் குச்சி நட்டுக் குறிப்பார்கள். தேவாலயக் கோபுரத்தின் நிழலைத் தாழங்கயிற்றால் அளப்பார்கள். சங்கு நண்டுகளின் முதுகில் சாயம் பூசி விட்டுவிட்டு, எத்தனை திரும்ப அகப்படுகின்றன என்று மறுநாள் தேடுவார்கள். அவற்றில் இரண்டு என் மேசை டிராயருக்குள் அகப்பட்டன.

ஒருமுறை நிறுத்தல் அளவைப் பாடம். பழைய படகின் பாய்மரத்தை ஈரப்பலா மரக்கிளையில் கட்டித் தராசு செய்தார்கள். ஒரு பக்கம் உரித்த தேங்காய் மூட்டை. மறுபக்கத்துக்கு அந்த வழியாகப் போன எங்கள் பங்குச் சாமியாரைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

"ஆடாதீங்க ஃபாதர்! ஆடினா நிறை தப்பா வரும்!"

"இறக்கி விடு மகளே, கயிறு அறுந்துடும்."

"இன்னும் நாலே தேங்காய் ஃபாதர், முடிஞ்சுது!"

அவர் எத்தனை தேங்காய் என்று அன்று மாலைக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அடக்கத்தைப் பற்றியதாக இருந்தது.

லொஹாலியா ஆள் பெரிய உருவம். குரல் அதைவிடப் பெரியது. அவள் எங்கள் ஊர்க்காரி அல்ல, ஃபகாவோஃபோவில் பிறந்தவள். அதுவும் டோக்கெலாவுதான், எங்கள் மூன்று தீவுகளில் ஒன்றுதான். ஆனாலும் ஒருத்தி எந்தத் தீவில் பிறந்தாள் என்பதை இங்கே அவள் கண்ணை மூடும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஈஸ்டர் கிரிக்கெட்டுக்கு அவர்கள் ஊர்ப் பெண்களோடு வந்தாள். அவள் அடித்த பந்து எங்கள் தலைக்கு மேல் போய்க் காயலில் விழுந்தது. எங்கள் ஊர் ஃபிலிப்போ நீந்திப் போய் எடுத்து வந்தான். மூச்சு வாங்க அதை நீட்டியவனிடம், "சீக்கிரம் போடு, இன்னொன்னு அடிக்கணும்" என்றாள். பையன் அதிலேயே விழுந்துவிட்டான். அடுத்த மழைக்காலத்தில் கல்யாணம்.

பிள்ளை பிறக்கவில்லை. கட்டட வேலைக்கென்று ஃபிலிப்போ சிட்னிக்குப் போனான். ரெண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். முதலில் ஒரு தையல் இயந்திரம் வந்தது. பிறகு ஒரு பீப்பாய் உப்பு மாட்டிறைச்சி வந்தது. பிறகு தொலைபேசியில் குரல் மட்டும் வந்தது, அதுவும் நின்றது. கடைசியில் யாரோ ஒருவரின் செல்போனுக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. ஃபிலிப்போ தோளில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு பெண். மதியத்துக்குள் அந்தப் படம் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. அவளிடமும் போயிருக்கும்.

மறுநாள் நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவள் வகுப்புக்குப் போய், "லொஹாலியா..." என்று ஆரம்பித்தேன்.

"சாக்பீஸ் இருந்தா ஒன்னு குடு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றைக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிழல் அளக்கத்தான் போனாள்.

அவள் புருஷன் வீட்டிலேயே இருந்தாள். அங்கே ஃபிலிப்போவின் தங்கை ஆகெனெஹேயும் அவள் குடும்பமும். ஆகெனெஹே நல்லவள். அண்ணியை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இருந்தாலும் அந்தப் பெரிய உருவம் அந்த வீட்டுக்குள் போனதும் சின்னதாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சத்தமில்லாமல் நடப்பாள், ஓரமாக உட்காருவாள். பள்ளிக்கூடத்தில்தான் அவள் முழு அளவில் இருப்பாள்.

எங்கள் ஊரில் மீன் விற்பது கிடையாது. ஆண்கள் பிடித்து வருவதெல்லாம் படகுத் துறைக்குப் பக்கத்தில் உள்ள முற்றத்துக்கு வரும். பங்கு பிரிக்கிறவர் தலைகளை எண்ணி, வீட்டுக்கு ஒரு கூறாக வைப்பார். தொட்டில் குழந்தைக்கும் ஒரு தலை, படுக்கையில் கிடக்கிற கிழவருக்கும் ஒரு தலை. பிறகு வீட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வீட்டுப் பிள்ளை ஓடிப்போய் எடுத்து வரும். இனாத்தி என்று இதற்குப் பெயர்.

லொஹாலியா வகுத்தல் கணக்கை இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். பாடப் புத்தகத்தில் பிட்சாவை வெட்டியிருந்தார்கள். அவள் கூழாங்கல்லை மீன் என்று சொல்லிக் கூறு வைத்தாள். அதனால் ஒரு வம்பும் வந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த பரீட்சைத் தாளில், பதினேழு பிஸ்கட்டை ஐந்து பேருக்குச் சமமாகப் பிரித்தால் மீதி எத்தனை என்று ஒரு கேள்வி. அவள் வகுப்பு மொத்தமும் மீதி இல்லை என்று எழுதி வைத்திருந்தது. லுஹியானோ என்கிற வாயாடி மட்டும் ஒரு படி மேலே போய், "மிச்சம் ரெண்டும் காலில் புண் வந்த தாத்தாவுக்கு" என்று விளக்கமும் எழுதியிருந்தான். எல்லோருக்கும் முட்டை. தலைமை ஆசிரியர் குதித்தார். அவர் குதித்ததில் தப்பில்லை, நாளைக்கு இந்தப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்க வேண்டியவர்கள். லொஹாலியா பிள்ளைகளை உட்காரவைத்து, "தாள்ல மீதின்னு எழுதுங்க. முற்றத்துல எழுதாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு யாரும் முட்டை வாங்கவில்லை.

போன வருஷம் பெற்றோர் நாளுக்கு அவள் வகுப்பு ஒரு பெரிய செயல்திட்டம் எடுத்தது. மரத்தடி மணலில் எங்கள் ஊரையே செய்வது. வீட்டுக்கு ஒரு தேங்காய் ஓடு. அந்த வீட்டில் எத்தனை தலையோ அத்தனை சோழி. ஊர் முழுவதையும் வைத்து முடித்த பிறகு, பவழக்கல்லை மீனாக வைத்து ஊர் முன்னால் பங்கு பிரித்துக் காட்டுவது. பங்கு பிரிக்கிறவள் இலெனா. ஆகெனெஹேயின் மூத்த மகள், பத்து வயசு, ஊரை மேய்க்கப் பிறந்தவள். வீட்டில் லொஹாலியாவை மாமி என்பாள், பள்ளியில் டீச்சர் என்பாள்.

பிள்ளைகள் வீடு வீடாகத் தலை எண்ணப் போனார்கள். எல்லா வீட்டிலும் தகராறு. சிமி என்பவன் தன் மனைவியின் வயிற்றைக் காட்டி, "ராத்திரி முழுக்க உதைக்கிறான், அவன் ஆள் இல்லையா?" என்றான். இன்னொரு வீட்டில் கடல் தாண்டி ஆப்பியா நகரத்துக்குப் போயிருக்கும் மகனையும் எண்ணச் சொன்னார்கள். "பல்லுதான் பிடுங்கப் போயிருக்கான், வயித்தையுமா பிடுங்கிடுவாங்க?" என்று அவன் அம்மா கேட்டாளாம். இலெனா இரண்டு பேரிடமும் சண்டை போட்டு, பிறக்காதவனை விட்டுவிட்டு, பல் பிடுங்கப் போனவனைச் சேர்த்துக்கொண்டாள்.

பெற்றோர் நாளுக்கு முந்தைய வாரம் நல்ல மழை. மரத்தடிக்குப் போக முடியாமல் வகுப்புத் தரையிலேயே சாக்பீஸால் ஊரை வரைந்து, ஓடும் சோழியும் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அன்றைக்குத்தான் இது நடந்தது. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன்.

"டீச்சர், எங்க வீட்டுத் தேங்காய் ஓட்டை எடுத்துடணும்" என்றாள் இலெனா. "அடுத்த படகுல நாங்க நியூசிலாந்துக்கு, போரிருவாவுக்கே குடி போறோம்."

"பெற்றோர் நாளைக்கு நீ இங்கதானே இருப்பே? இருக்கட்டும்" என்றது லொஹாலியாவின் குரல்.

"இந்த ஊரு வருஷக் கடைசி வரைக்கும் மரத்தடியில இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?" லுஹியானோ. "அவங்க போனப்புறம் ஓடு மட்டும் சும்மா கிடந்தா அது பொய்க் கணக்கு இல்லையா?"

லொஹாலியா சாக்பீஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி, எடுத்துடுங்க."

ஓடு தரையில் உரசுவது கேட்டது. இலெனா சோழிகளை எண்ணி எடுத்தாள். "அம்மா, அப்பா, நான், தம்பிங்க ரெண்டு பேரு." அப்புறம் நின்றாள். "ஒன்னு மிச்சம் இருக்கே."

"யாரது?"

"மாமி. நம்ம டீச்சர்."

பிள்ளைகளுக்கு அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். உடனே எல்லோரும் அதைத் தீர்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

"ஃபாதர் கூறுல வெச்சிடலாம்."

"ஐயே! ஃபாதருக்கு என்ன, பொண்டாட்டியா?"

ஒரே சிரிப்பு.

"டெலெஹா டீச்சர் கூறுல வைக்கலாம். பக்கத்து வகுப்புதானே?"

"அவங்க கத்துவாங்களே."

"மீன் தின்னும்போது கத்த மாட்டாங்க."

நான் பலகையை ஓங்கித் தட்டினேன். "எல்லாம் கேக்குதுடா!"

அந்தச் சிரிப்புக்குள் லொஹாலியா சொன்னாள். "என்னை எங்கயும் வைக்க வேண்டாம். அதே படகுல நானும் ஃபகாவோஃபோவுக்குப் போறேன். லுஹியானோ, மழை விட்டுதா பாரு."

என் கையிலிருந்த எழுத்து அட்டை கீழே விழுந்தது. இடைவேளை மணி அடிக்கும் வரை எப்படிப் பொறுத்தேன் என்று தெரியவில்லை. அடித்ததும் அவள் வகுப்பில் போய் நின்றேன். அவள் குனிந்து சாக்பீஸ் ஊரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தே? படகு கிளம்பினப்புறம் கையை ஆட்டியா?"

"சொன்னா நீ அழுவே. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை."

"நான் எதுக்கு அழறேன்? நீ போனா நிம்மதியாப் பாடம் நடத்துவேன்." இதை நான் அழுதுகொண்டேதான் சொன்னேன். "போகணும்னு உனக்கு ஆசையா இருக்கா? அதைச் சொல்லு."

"அங்க எனக்கு யாருடி இருக்கா? தம்பி பொண்டாட்டி ஒருத்தி இருக்கா, அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கு இங்கதான் வேலை, இங்கதான் இந்தக் குரங்குங்க." துணியைப் பிழிந்தாள். "ஆனா ஆகெனெஹே வீடு காலியானா நான் எந்த வீடு?"

"என் வீடு. என் கூறுல இன்னொரு தலை. இதுல என்ன வந்துது?"

"வேண்டாம் டெலெஹா. ஒன்பது வருஷமா அடுத்தவங்க கூறுல ஒரு தலையா இருந்தாச்சு. அவங்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதான் கஷ்டமே. சொல்லியிருந்தா நல்லாச் சண்டை போட்டுட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இனிமே யார் கூறுலயும் ஒட்டிக்க மாட்டேன். எனக்குன்னு ஒன்னு இருந்தா இருக்கேன். இல்லைன்னா போறேன்."

அன்று சாயங்காலமே என் தம்பி பெனெஹேயிடம் போனேன். எங்கள் ஊரில் பங்கு பிரிக்கிறவன் அவன்தான். சிரிப்பை எந்தக் கடலில் தொலைத்தானோ, நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. முற்றத்தில் தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"கூறு வீட்டுக்குத்தான் அக்கா. ஒத்தை ஆளுக்கு இல்லை."

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல டீச்சருங்க அறை ஒன்னு காலியாத்தானே கிடக்கு? அதுல இருந்துக்குவா. அது வீடு இல்லையா?"

"வீடுன்னா குடும்பம்."

"அவளுக்குப் பதினேழு பிள்ளைங்க இருக்காங்க. உன் மகனும் அதுல ஒருத்தன்."

முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "சரி. அவ வந்து கேக்கட்டும். பெரியவங்க காதுல போட்டுப் பார்க்கிறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "கேக்கணுமா? நம்ம முற்றத்துல என்னைக்குடா ஒருத்தர் கேட்டுப் பங்கு வாங்கியிருக்காங்க? நீ கூப்பிடணும், நாங்க வரணும். வேணும்கிறவங்க கையைத் தூக்குங்கன்னு என்னைக்காவது சொல்லியிருக்கியா நீ?"

"என் வேலையில தலையிடாதே அக்கா."

"உனக்கு மூக்குத் துடைச்சு விட்டவடா நான்!"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் ஒன்றும் இல்லைதான். கோபத்தில் வாயில் வந்துவிட்டது. திரும்பி நடந்தேன்.

பெற்றோர் நாளன்று வெயில் நன்றாக அடித்தது. மரத்தடி மணலில் ஊர் தயாராக இருந்தது. வடக்குக் கோடி முதல் தெற்குக் கோடி வரை தேங்காய் ஓடுகள், நடுவில் தேவாலயத்துக்கு ஒரு பெரிய சங்கு. பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. லொஹாலியா கையில் சுட்டுக்கோலோடு ஓரமாக நின்றாள். பெரியவர்களுக்குப் பக்கத்தில் பெனெஹே.

இலெனா வந்த நடையைப் பார்த்ததுமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு இருமல். அச்சு அசல் என் தம்பி. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கூறு வைத்தாள், எண்ணிச் சரிபார்த்தாள், வீட்டின் பெயரைக் கூப்பிட்டாள். அந்தந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து கல்லை எடுத்துப்போனது. அவள் வீட்டுக்கு ஓடும் இல்லை, கல்லும் இல்லை. அந்த இடம் வந்தபோது ஆகெனெஹே துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்லா வீடும் முடிந்தது. கைதட்டப் போனோம். இலெனா இன்னொரு முறை இருமினாள். அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓடு. அதன் முன்னால் ஒரே ஒரு கல். நான் தம்பியிடம் கத்தியதை அவன் மகன் கேட்டிருக்க வேண்டும், காலையில் டீச்சருக்குத் தெரியாமல் பிள்ளைகள் வைத்தது.

"லொஹாலியா!"

யாரும் ஓடி வரவில்லை. ஓடி வர அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? பின்வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். லொஹாலியா சுட்டுக்கோலை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். கூப்பிட்ட பங்கை எடுக்காமல் விடுவது எங்கள் ஊரில் பெரிய அவமதிப்பு. இல்லாத பங்கை எடுப்பதோ அதைவிடக் கேவலம். பிள்ளைகள் அவளை அந்த இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அன்பாகத்தான் நிறுத்தினார்கள்.

பெனெஹே எழுந்தான். இவன் ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் ஊர் முன்னாலேயே காதைத் திருகிவிடுவது என்று நானும் எழுந்துவிட்டேன். அவன் மணல் ஓரத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தான்.

"தப்பு" என்றான்.

இலெனா விட்டுக்கொடுக்கவில்லை. "என்ன தப்பு? ஒரு ஆளு, ஒரு கல்லு. நீங்களே எண்ணிப் பாருங்க."

"எண்ணிக்கை சரி. வரிசை தப்பு. வடக்கால ஆரம்பிச்சு வீடு வீடாத்தானே கூப்பிடணும்? தொட்டிப் பக்கத்து வீடு எந்த வீட்டுக்கு அடுத்தது?"

"டெலெஹா டீச்சர் வீட்டுக்கு."

"அப்ப அதுக்கு அடுத்துக் கூப்பிடு. கடைசியில கூப்பிட இது என்ன, மறந்துபோன வீடா? எல்லாக் கல்லையும் திரும்ப வைக்கச் சொல்லு. முதல்ல இருந்து ஆரம்பி."

வேலையில் தப்பைக் கண்டால் அவனுக்கு உட்கார முடியாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்துதான் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளைகள் எல்லோரும் கல்லைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இலெனா வடக்குக் கோடியிலிருந்து மறுபடி கூப்பிட்டாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்கு என் கடைக்குட்டி ஓடினான். அடுத்து ஒரு இருமல்.

"லொஹாலியா!"

அவள் சுட்டுக்கோலை லுஹியானோவிடம் கொடுத்தாள். நடந்து வந்து, குனிந்து, அந்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றாள். யாரும் கைதட்டவில்லை. பங்கு எடுப்பதற்கு யார் கைதட்டுவார்கள்? இலெனா அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள்.

கூட்டம் கலையும்போது தம்பியைப் பிடித்தேன். "அப்ப நிஜ மீன் வரும்போது?"

"இது பிள்ளைங்க விளையாட்டு அக்கா. அதுக்குப் பெரியவங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டான்.

படகு வந்தது. பெரியவர்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. துறையில் ஆகெனெஹே குடும்பத்தின் பெட்டிகளும் பாய்களும் மாலைகளும் குவிந்து கிடந்தன. லொஹாலியா வெறும் கையோடு வந்தாள்.

"பெட்டி எங்கடி?" என்றேன்.

"தொட்டிப் பக்கத்து அறையில."

"அவங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லலையே. கூப்பிடலைன்னா?"

"அடுத்த படகு இருக்குல்ல?" சாதாரணமாகத்தான் சொல்லப் பார்த்தாள்.

ஆகெனெஹே அவளைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, அண்ணன் பண்ணினதுக்கு நான்..." என்று தொடங்கினாள்.

"அதை விடு. பசங்களுக்குக் கம்பளிச் சட்டை எடுத்தியா? அங்க இப்ப குளிரு."

இலெனா மாமியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். கடைசியில் அப்பா தூக்கிக்கொண்டு போனார். படகில் நின்றபடி, கூட்டத்தில் என் தம்பியைத் தேடிப் பிடித்துக் கத்தினாள். "பெனெஹே மாமா! வரிசையை மறந்துடாதீங்க!"

"எனக்கே சொல்லித் தர்றியா? உட்காரு, கடல்ல விழுந்துடுவே" என்று இவனும் கத்தினான்.

அதன் பிறகு காற்று மோசமாகிவிட்டது. ஒரு படகும் மீனுக்குப் போகவில்லை. மீன் வராவிட்டால் கூறு இல்லை, கூறு இல்லாவிட்டால் கூப்பிடுகிறார்களா இல்லையா என்றும் தெரியாது. லொஹாலியா அந்த அறையில் அரிசியும் டின் மீனும் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் சமைத்து அனுப்பினால், "வயிறு சரியில்லை" என்று திருப்பி அனுப்பினாள். அந்த நாட்களில் பாடமெல்லாம் வகுப்புக்குள்ளேயே நடந்தது. பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள். நான் இத்தனை வருஷமாகக் கேட்ட ஒழுங்கு கிடைத்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கடல் அடங்கியது. படகுகள் போயின. கடைசிப் பாடவேளை நடக்கும்போது துறையில் சங்கு ஊதினார்கள், சூரை மீன் வந்திருந்தது. முற்றம் பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான். என் தம்பியின் இருமலும் குரலும் ஜன்னல் வழியாக வந்தன. வடக்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாக. எங்கள் வகுப்புகளிலிருந்து அந்தந்த வீட்டுப் பிள்ளை எழுந்து ஓடிற்று.

அந்தப் பக்கம் லொஹாலியா பலகையில் எழுதிக்கொண்டே பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெயர்கள் நெருங்க நெருங்க அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. வெளியே நடப்பது காதில் விழக் கூடாது என்று பார்த்தாள் போலிருக்கிறது. என் வீட்டைக் கூப்பிட்டான். என் கடைக்குட்டி ஓடினான். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இருமல் வரவில்லை. ஏன் இவ்வளவு நேரம்? மாதாவே, அவன் மட்டும் அடுத்த வீட்டுக்குத் தாவினால், அவனை இனி என் வாசலில் ஏற்ற மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் இருமினான்.

"லொஹாலியா!"

சாக்பீஸ் சத்தம் நின்றது.

"டீச்சர், கூப்பிடறாங்க." லுஹியானோ.

"கேட்டுது."

"யார் டீச்சர் போறது?"

முற்றத்தில் என் தம்பி காத்திருந்தான். இரண்டாம் முறை அவன் கூப்பிடுவதில்லை, காத்திருப்பான்.

"போய் எடுத்துட்டு வாங்கடா" என்றாள். அந்தப் பெரிய குரல் உடைந்து எங்கேயோ போயிருந்தது.

பெஞ்சுகள் சரிய, வகுப்பு மொத்தமும் ஓடியது. ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரே ஒரு சூரை. அதை ஒருவன் தலையிலும் ஒருத்தி வாலிலும் பிடித்திருக்க, மற்றவர்கள் அதைத் தொட்டுக்கொண்டாவது வர வேண்டும் என்று முண்டியடித்தார்கள். "ஒரு மீனுக்கு என்னடா ஊர்வலம்? மண்ணுல போட்டுடாதீங்க!" என்று பெனெஹே திட்டினான். திட்டிவிட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டான்.

சாயங்காலம், வேலை ஏதோ இருப்பதுபோலத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தேன். லொஹாலியா அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு, தட்டில் சுட்ட மீன். எங்கள் ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் வழியில் யார் போனாலும் "வா, சாப்பிடு" என்று கூப்பிட்டாக வேண்டும். விரோதியையும் கூப்பிடுவார்கள். ஆகெனெஹே வீட்டில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததெல்லாம் எல்லோருக்கும் பரிமாறிய பிறகு, மிஞ்சியதை, நின்றபடி.

என்னைப் பார்த்தாள். பார்த்தது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு குனிந்து முதுகுப் பக்கத்துச் சதையைப் பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை. நிதானமாக மென்றாள்.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் ராத்திரிக்குள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். நான் எதையும் பார்க்காதவள் போல அந்த வாசலைக் கடந்து நடந்தேன். அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.